பழைய கோப்பும் ஏழுமலை மாஸ்டரின் காலும்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பதறுகிற ஆள். இருபத்தெட்டு ஆண்டு கணினிகளைக் கட்டி மேய்த்து, ஐம்பத்து மூன்று வயதில் என் முதுகும் என் மனைவியும் ஒரே மாதத்தில் எச்சரிக்கை விடுத்ததால் ஓய்வு பெற்றவன். அத்தனை ஆண்டிலும் என்னிடம் வளராத ஒன்று நிதானம். கணினி படுத்துக்கொண்டால் சிலர் யோசிப்பார்கள். நான் தண்ணீர் குடிப்பேன். என் பாட்டில் தீர்ந்தால் பக்கத்து மேசை பாட்டிலை எடுப்பேன். "மூர்த்தி சார் ரெண்டாவது பாட்டிலுக்குப் போயிட்டார்" என்று யாராவது சொன்னால், அலுவலகத்தில் எல்லோரும் கைவேலையைச் சேமித்துவிட்டு எழுந்து நிற்பார்கள்.

ஆகவே நெருக்கடியில் எப்படி இருக்க வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. எப்படி இருக்கக் கூடாது என்பதில்தான் எனக்கு நீண்ட அனுபவம். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோப்புகளை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு ஒத்திசைக்கிற, கேட்டாலே கொட்டாவி வருகிற வேலையில் நடந்தது இது.

நான் கடைசி எட்டு ஆண்டு இருந்தது பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும் ஒரு மாடிக் கட்டடத்தில். விபத்தில் காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து தரும் சிறிய அறக்கட்டளை. மாடியில் ஸ்டெல்லா மேடம். ஞாயிற்றுக்கிழமை கன்டோன்மென்ட் பக்கத்துச் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். மற்ற நாளெல்லாம் எங்களிடம் கால் அளவெடுப்பார். மிச்சமிருக்கும் காலை ஒரு ஸ்கேனரால் படம்பிடிப்பார். அந்த வடிவம் கணினியில் ஒரு கோப்பாக வந்து நிற்கும். பிறகு அந்த மனிதரை எதிரில் உட்காரவைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கேட்டு, எந்த இடம் பாரம் தாங்கும், எந்த இடத்தில் எலும்பு நோகும் என்று கண்டுபிடித்து, திரையில் இருக்கும் வடிவத்தை அங்கே கொஞ்சம் குறைப்பார், இங்கே கொஞ்சம் கூட்டுவார். கீழ்த்தளத்தில் பசவராஜ் அந்தக் கோப்பைத் திறந்து, எந்திரத்தில் நுரைக்கட்டையைச் செதுக்குவான். செதுக்கிய கட்டையின் மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்தி எடுத்தால், கால் உள்ளே போய் உட்காரும் கூடு தயார். சாக்கெட் என்பார்கள்.

மாடிக் கணினியில் ஒரு ஃபோல்டர், கீழ்க் கணினியில் ஒரு ஃபோல்டர். இரண்டும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நீலக் கேபிள். நோயாளிகளின் விவரம் உள்ளே இருப்பதால் இரண்டு கணினிக்கும் இணையம் கிடையாது. இதற்கென்று விலை கொடுத்து எதையும் வாங்கவில்லை. ஆர்சிங்க் என்று ஒரு கருவி, இலவசம், திறந்த மூலம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நல்ல கருவி, சொன்னதைச் செய்யும். நீங்கள் சொன்னது சரியா என்று மட்டும் அது கேட்காது. அரைமணிக்கு ஒருமுறை இரண்டு பக்கத்தையும் ஒப்பிடு, எந்தப் பக்கத்துக் கோப்பு புதியதோ அதை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோ என்று நான் சொல்லிவைத்திருந்தேன். எட்டு ஆண்டும் ஒரு குறை இல்லை. மேலெழுதும் முன் பழையதை ஓரமாக எடுத்துவை என்று சொல்லவும் அதில் வசதி உண்டு. முதல் ஆண்டில் போட்டிருந்தேன். வட்டு நிரம்புகிறது என்று எடுத்துவிட்டேன். எடுத்த அன்று எவ்வளவு இடம் மிச்சமாயிற்று என்று ஸ்டெல்லாவிடம் பெருமையாகச் சொன்னது வேறு ஞாபகம் இருக்கிறது.

புதியது எது என்பதை அது எப்படித் தீர்மானிக்கிறது? கோப்பின் மேல் இருக்கும் தேதியைப் பார்த்து. தேதியைப் போடுவது யார்? கணினியின் கடிகாரம். அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதென்று யார் சொன்னார்கள்? இந்த மூன்றாவது கேள்வியை நான் எட்டு ஆண்டில் கேட்டதே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஸ்க்ரூடிரைவர்கூட ஓய்வெடுக்கும். எங்கள் இடத்தில் பூஜை முழுக்க என் பொறுப்பு. வேறு எதில் சோம்பல் பட்டாலும் இதில் படமாட்டேன். இரண்டு கணினியின் பிளக்கையும் பிடுங்கி, துணியால் துடைத்து, சாமந்திச் சரம் சுற்றி, சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லோருக்கும் பொரி கொடுத்து அனுப்பினேன். கணினித் திரைக்கு எங்கே பொட்டு வைப்பது என்பதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. நடுவில் வைத்தால் வேலைக்கு இடைஞ்சல். ஆகவே வலது பக்கக் கீழ் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். திரையின் அந்த மூலையில் என்ன தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். தேதியும் நேரமும்.

ஆண்டு முழுக்க அந்த மாடிக் கணினியின் பிளக்கை யாரும் பிடுங்குவதில்லை. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் காசளவு பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கரண்ட் இருந்தவரை அது செத்தது தெரியவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விஜயதசமி. காலையில் நான்தான் கணினியை ஓட விட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ வந்தது. தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, தொடர வேண்டுமானால் எஃப் ஒன் அழுத்தவும். என் ஒரு கையில் கேசரிபாத் தட்டு. மறு கையில் நெய். சுண்டுவிரலால் எஃப் ஒன்னை அழுத்தினேன். தொடர்ந்தது. கணினி, அது கட்டப்பட்ட ஆண்டின் ஜனவரி ஒன்றாம் தேதியில் கண்விழித்து, பொட்டுக்குப் பின்னால் அமைதியாக உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு விடுமுறைதான். ஏழுமலை மாஸ்டருக்காகத்தான் திறந்தோம். ஸ்ரீராம்புரத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். இருசக்கர வாகன விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செய்துகொடுத்த முதல் சாக்கெட்டில், வெளிப்பக்கத்தில் பட்டாணி மாதிரித் துருத்தும் எலும்பு ஒன்று இடித்தது. அதைத் திருத்தத்தான் வந்தார்.

"நல்ல நாள்ல ஆரம்பிச்சிடலாம் மேடம். திங்கக்கெழமை மத்தியானம் கல்லு முன்னாடி நின்னாவணும். ஓனர் அதுக்கு மேல தாங்க மாட்டார். எனக்குப் பதிலா ஒருத்தன வெச்சிருக்கார். அவன் போடற பரோட்டாவ நாய்கூட மோந்து பாத்துட்டுப் போவுது, ஆனா நிக்கறானே, ரெண்டு காலு இருக்கே."

"நின்னா மட்டும் போதுமா மாஸ்டர்?"

"மேடம், பரோட்டா வேலையே நிக்கறதுதான். கைய எல்லாரும் பாப்பாங்க. வேலைய செய்யறது காலு."

காலை பத்திலிருந்து இரண்டரை வரை ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. அழுத்துவார், கேட்பார், திரையில் மாற்றுவார். முடித்து, சேமித்து, மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். அரைமணியில் ஆர்சிங்க் தன் வேலையைச் செய்தது. மாடிக் கோப்பில் பல ஆண்டுக்கு முந்தைய தேதி. கீழே போன மாதத் தேதி. கீழேதான் புதியது என்று முடிவு செய்து, பழைய வடிவத்தைக் கொண்டுவந்து, நாலரை மணி நேர உழைப்பின் மேல் சுத்தமாக எழுதிவிட்டுப் போனது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஏனென்றால் பிழை எதுவும் நடக்கவில்லை. அது நான் சொன்னதைத்தான் செய்தது.

புதன்கிழமை பசவராஜ் செதுக்கினான். வியாழக்கிழமை பிளாஸ்டிக். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மாஸ்டர் சாக்கெட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவே எழுந்து நின்றார். நாலு அடி வைத்தார். நின்றார்.

"இது பழைய காலு மேடம்."

"இல்ல மாஸ்டர், புதுசு. நேத்துதான் போட்டேன். பிளாஸ்டிக் வாசனைகூடப் போகல."

"பிளாஸ்டிக் புதுசு. காலு பழசு. அதே எடத்துல அதே பட்டாணி இடிக்குது."

ஸ்டெல்லா மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். காலில் நீர் கோத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பசவராஜை மேலே கூப்பிட்டுக் கேட்டார். "அதே ஃபைல் மேடம். ஹெசரு கூட அதே" என்று கோப்பின் பெயரைக் காட்டினான். பெயர் சரியாகத்தான் இருந்தது. பெயர் எப்போதுமே சரியாகத்தான் இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் செய்ததைவிட அப்போது நான் செய்ததற்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கீழ்க் கணினியின் ஒத்திசைவுப் பதிவைத் திறந்து மாஸ்டரின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாருங்க மாஸ்டர். செவ்வாய்க்கிழமை, உங்க ஃபைல், காப்பி ஆயிருக்கு. புதன், ஓகே. வியாழன், ஓகே. எல்லாம் பச்சை. ஒரு செவப்புகூட இல்ல."

அவர் அந்தப் பச்சையைப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். பசவராஜைப் பார்த்தார். படித்தவர்கள் மூன்று பேர், ஒரு லேப்டாப். அவர் பக்கம் ஒற்றைக் கால்.

"அப்ப எனக்குத்தான் அப்பிடி தோணுது போல சார்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பரவால்ல. ரெண்டு நாள் நின்னா பழகிடும். சும்மா உங்களத் தொல்ல பண்ணிட்டேன்."

அந்தக் காலை மாட்டிக்கொண்டே போவதற்கு வேட்டியைச் சரிசெய்தார். ஸ்டெல்லாவின் முகம் மாறியது. அந்த எலும்பின் மேல் தோல் மெல்லியது. இடித்துக்கொண்டே எட்டு மணி நேரம் நின்றால் திங்கட்கிழமை சாயங்காலமே புண்ணாகும். புண் ஆறும்வரை மூன்று மாதமோ நாலு மாதமோ எந்தக் காலையும் மாட்ட முடியாது. கல் முன்னால் இன்னொருவன் நிரந்தரமாகிவிடுவான்.

"உக்காருங்க மாஸ்டர்" என்றார் ஸ்டெல்லா. "அன்னைக்கு நான் அந்த எலும்புக்கு நெறைய எடம் விட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாங்க மூர்த்தி, ஃபைலைத் திறந்தே பாத்துடலாம்."

திறந்தார். திரையில் வடிவம் வந்தது. அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கோப்பின் தேதியைக் காட்டினார். போன மாதம்.

"நான் செவ்வாய்க்கெழமை சேவ் பண்ணேன் மேன்."

"இன்னைக்கு என்ன தேதின்னு இந்தக் கம்ப்யூட்டர் நெனைக்குது?" என்று கேட்டேன். மூலையைப் பார்த்தால் குங்குமம்.

"இத ஏன் நீங்க தொடைக்கல?"

"நான் எப்படித் தொடைப்பேன்? நீங்க பூஜை பண்ணி வெச்சது. ஸ்டெல்லா வந்து அழிச்சிட்டான்னு யாரும் நெனைக்கக் கூடாதுல்ல. அதான் அப்பிடியே விட்டேன், தானா உதிரட்டும்னு."

நான் கட்டைவிரலால் தேய்த்தேன். ஜனவரி நான்கு. ஆண்டு, எனக்குத் தலைமுடி இருந்த காலம்.

இப்போது என் பதற்றத்தின் முழு அழகையும் பாருங்கள். முதலில் "சின்ன நெட்வொர்க் பிரச்சனைதான்" என்றேன். நெட்வொர்க்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாய் தானாகச் சொன்னது. அடுத்து ஸ்டெல்லாவின் தண்ணீரைக் குடித்தேன். அடுத்து பசவராஜின் தண்ணீரை. அடுத்து ஒத்திசைவை இன்னொரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு ஞானம் பிறந்து, கை விசைப்பலகையை நோக்கிப் போனது. எதிலிருந்து எது வரப்போகிறது? இரண்டு பக்கமும் பழையது. பழையதைப் பழையதன் மேல் எழுதப்போகிறேன். ஆனால் பதறுகிறவனுக்கு எதையாவது ஓட்டியாக வேண்டும். நான் பார்த்தவரை தப்பு நடந்த இடங்களில் பாதிச் சேதம் தப்பால் வரவில்லை, தப்பைக் கண்டுபிடித்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் வந்தது.

"கைய எடுங்க" என்றார் ஸ்டெல்லா.

எடுத்தேன். எடுத்த கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று நீலக் கேபிளைப் பிடுங்கினேன். அன்றைக்கு நான் செய்த முதல் சரியான காரியம் அது.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். மேலெழுதப்பட்ட கோப்பு வட்டிலிருந்து உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் துண்டுகள் அங்கங்கே கிடக்கலாம். தேடி எடுக்கவும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, நல்ல கருவிகள். ஆனால் மூன்று நாளாக அந்தக் கணினியில் வேலை நடந்திருக்கிறது. இனி ஒரு எழுத்துகூட அதில் சேமிக்கக் கூடாது. வட்டைக் கழற்றி, என் மேசைக்குக் கொண்டுபோய், மணிக்கணக்கில் துழாவ வேண்டும். ஸ்டெல்லாவோ அந்தத் திருத்தத்தைத் திரும்பச் செய்வதென்றால் அதே கணினியில்தான் செய்ய வேண்டும். ஸ்கேன் மென்பொருள் வேறு எதிலும் இல்லை. அவர் சேமித்த நொடியில் என் துண்டுகள் புதைந்துபோகும். ஒன்று நான் உட்கார வேண்டும், அல்லது அவர் உட்கார வேண்டும். நாற்காலி ஒன்று.

அதோடு பசவராஜுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊருக்கு ரயில். செதுக்கும் எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மணி பதினொன்று.

"எனக்கு அரைமணி நேரம் குடுங்க" என்றேன்.

நம் தொழிலில் இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்வீர்கள். யாரும் எதை நம்பியும் சொல்வதில்லை. அவமானத்திலிருந்து அரைமணி நேரம் தள்ளி நிற்கத்தான் சொல்கிறோம். கோப்பை மீட்டுவிட்டால் நான் கெடுத்தது யாருக்கும் தெரியாது. மீட்டவன் என்று பெயர்கூட வரும். கைதட்டுகூடக் கேட்டது எனக்கு.

ஸ்டெல்லா கைதட்டவில்லை. "நிச்சயமா வருமா மூர்த்தி?" என்றார்.

"வர சான்ஸ் இருக்கு."

"நிச்சயமா வருமான்னு கேட்டேன்."

வெளியே ஒரு ரயில் போயிற்று. கம்பி அதிர்ந்து அடங்கும்வரை எனக்கு நேரம் கிடைத்தது.

"தெரியாது" என்றேன்.

"அரைமணில தெரிஞ்சிடுமா?"

"அதுவும் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் ஆகலாம். வராமயும் போகலாம்."

"அப்ப எழுந்திருங்க."

எழுந்தேன். இருபத்தெட்டு ஆண்டில் நான் எடுத்த சிறந்த தொழில்நுட்ப முடிவு, நாற்காலியிலிருந்து எழுந்ததுதான். எழுவதற்கு முன் கடிகாரத்தைச் சரிசெய்தேன். அது பத்து நொடி வேலை.

மாஸ்டர் இத்தனை நேரமும் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் என்ன நடக்கிறதென்று அவருக்குப் புரியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியது என் பாக்கி. "டெக்னிக்கல் பிரச்சனை" என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அந்தச் சொல்லுக்குள் நம்மைப் போல ஆயிரம் பேர் ஒளிந்திருக்கிறோம். அதை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாஸ்டர், நீங்க சொன்னதுதான் சரி. இது பழைய கால்தான். மேடம் திருத்தினத நான் அழிச்சிட்டேன். தெரியாம நடந்துச்சு, ஆனா நான் செஞ்சதுதான். மெஷின் அன்னைக்கே எச்சரிக்கை குடுத்துச்சு. நான் படிக்காம தள்ளி விட்டுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்ரீராம்புரத்துத் திட்டு கொஞ்சம் நீளமானது. அதற்குத் தயாராகவே உட்கார்ந்திருந்தேன். அவர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. நீங்க செஞ்ச தப்பா? நல்லதாப் போச்சு சார். நான் பயந்தே போயிட்டேன். என் காலே எனக்குப் பொய் சொல்லுதோன்னு. காலு பொய் சொன்னா அப்புறம் நான் எத நம்பி நிக்கறது?"

பச்சைப் பச்சையாக நான் நீட்டிய பதிவு அவரிடமிருந்து எதைப் பிடுங்கியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி, ஆரம்பிக்கலாம்" என்றார் ஸ்டெல்லா. "மூர்த்தி, சும்மா நிக்காதீங்க. வந்து புடிங்க."

"எத?"

"கால."

எட்டு ஆண்டாகக் கால்களை மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். ஒரு காலையும் தொட்டதில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். எதிர்பார்த்ததைவிட எடை அதிகம், எதிர்பார்த்ததைவிடச் சூடு. ஸ்டெல்லா பேனாவால் புள்ளி வைத்தார். "இங்கயா?" "இன்னும் கீழ மேடம்." "இங்க?" "ஆங், அந்தப் பட்டாணிதான்." "மூர்த்தி, உங்க விரல வெச்சுப் பாருங்க. அப்பத்தான் உங்களுக்குப் புத்தி வரும்." வைத்தேன். தோலுக்கு அடியில் சின்னக் குமிழாக எலும்பு. லேசாகத்தான் அழுத்தினேன். மாஸ்டரின் தொடை துள்ளியது.

"சார், அது காலு, கீபோர்டு இல்ல" என்றார். பசவராஜ்கூடச் சிரித்தான்.

மூன்று மணி நேரம் அப்படியே. எனக்குக் கால் மரத்துப்போய், எழுந்து நிற்க மாஸ்டர்தான் கைகொடுத்தார். இரண்டாம் தடவை என்பதால் கொஞ்சம் வேகம் இருந்தது. ஆனால் முதல் தடவை செய்தது மாதிரியே வந்ததா என்று ஸ்டெல்லாவால் சொல்ல முடியவில்லை. "அன்னைக்கு வந்தது வேற. இது வேற. இதுவும் சரியா இருக்கும்னு நம்பறேன்" என்றார். சேமித்தார். நான் தேதியைப் பார்த்தேன், இன்னொரு தடவை பார்த்தேன். கோப்பைப் பென்டிரைவில் போட்டு, கையிலேயே எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அன்றைக்கு எந்தக் கேபிளையும் நான் நம்பத் தயாராக இல்லை. பசவராஜ் திறந்தான். "சார், இது பேரே ஷேப்" என்றான். வேறு வடிவம் என்று அவன் வாயால் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. நாலே முக்காலுக்கு நுரைக்கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினான்.

சனிக்கிழமை ஸ்டெல்லாவே பிளாஸ்டிக் போர்த்தினார். அன்று நான் பேட்டரியை மாற்றினேன். மேலெழுதும் முன் பழையதை எடுத்துவைக்கும் வசதியைத் திரும்பப் போட்டேன். இரண்டு பக்கக் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் தொடாமல் நின்றுவிட வேண்டும் என்று நாலு வரி எழுதிச் சேர்த்தேன். பூஜைக்குப் பிறகு மாறியிருக்க வேண்டிய கோப்பு வேறு ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு நோயாளியின் பெயராக ஸ்டெல்லாவைக் கேட்டுச் சரிபார்த்தேன். நல்லவேளை, விடுமுறை வாரம், இவர் ஒருவர்தான். அறக்கட்டளைச் செயலாளருக்கு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எஃப் ஒன்னை எழுதினேன். கேசரிபாத்தை எழுதவில்லை. எல்லா உண்மையையும் எழுத வேண்டியதில்லை.

ஞாயிறு மதியம் சர்ச் முடிந்து ஸ்டெல்லா வந்து மாட்டிவிட்டார். மாஸ்டர் இருபது நிமிடம் நின்றார். "பட்டாணி போயிடுச்சு" என்றார். "ஆனா பின்பக்கம் ஏதோ புதுசா உரசற மாதிரி இருக்கு. எட்டு மணி நேரம் நின்னாத்தான் தெரியும்." ஸ்டெல்லா சூடுகாட்டி அந்த விளிம்பைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டார். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. பன்னிரண்டரைக்கு ஸ்ரீராம்புரம் போய், அந்த ஹோட்டலில் கல் நேராகத் தெரியும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பதிலாள், ஏப்ரன் கட்டி, கை கழுவி, தயாராக. கல்லாவை விட்டு எழுந்து வந்த ஓனர் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால். என்னைப் போலவே அவரும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மதியக் கூட்டம் ஏறியது. மாஸ்டர் மாவை வீசினார், சுருட்டினார், தட்டினார். ஒரு தடவை வலப்பக்கம் சாய்ந்தார். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். கல்லின் மறுகோடியில் எண்ணெய் எடுக்கத்தான் சாய்ந்திருக்கிறார். திரும்ப நேராக நின்றார். இன்னொரு தடவை சாய்ந்தார். இந்தத் தடவை எண்ணெய் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மெதுவாகப் பாரத்தை இடது காலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நின்றது.

இரண்டு மணியைத் தாண்டியது. ஓனர் கட்டிய கைகளை அவிழ்த்தார். பதிலாளிடம் ஏதோ சொன்னார். அவன் ஏப்ரனோடு உள்ளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான். ஓனர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். அதன் பிறகு இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் முன்னால் எப்போது இரண்டு பரோட்டா வந்தது, யார் சால்னா ஊற்றினார்கள், ஒன்றும் தெரியவில்லை. கல்லின் ஓசைக்கு மேலாக அவருடைய குரல் கேட்டது.

"சார்! வந்ததுலேர்ந்து காலயே பாக்கறீங்க. கால நான் பாத்துக்கறேன். நீங்க பரோட்டாவப் பாருங்க, ஆறுது."